கத்தி பட்டும் கண் திறக்கவில்லை!
ஹூக்ளி ஆஸ்பத்திரியில் அதிசயம் செய்த டாக்டர் எஸ்டெய்ல்

1845-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந்தேதி. கல்கத்தாவுக்கு வடக்கே கங்கைக் கரையில் இருக்கும் ஹூக்ளி நகரம். அங்கே ஜெயில் கைதிகளுக்கான ஆஸ்பத்திரியில் ஒரு கைதி வலி தாங்காமல் துடித்துக்கொண்டிருந்தான். பன்றி வியாபாரம் செய்து வந்தவன். காலில் விலங்குடன் ஏழு ஆண்டு ரோடு வேலை செய்ய வேண்டும் என்று தண்டனை பெற்றவன். அவனுக்கு இரண்டு பக்கமும் விரை வீக்கம். ஒரு பக்கத்தில் நீரை இறக்கிவிட்டு, மறுபடி நீர் கோக்காமல் இருக்க அந்தக் காலத்து வழக்கப்படி காரமான மருந்தை ஊசி வழியாக உள்ளே செலுத்தியிருந்தார்கள். நெருப்பை வைத்துத் தைத்தது போல இருக்கும் அது.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார டாக்டருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவர் ஒரு காரியம் செய்தார். கைதிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, தன் இரு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே மேலிருந்து கீழாக, உடம்பைத் தொடாமல், மெதுவாக அசைத்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. பிறகு கைதியின் பேச்சு குழறியது. கண் செருகியது. மரக்கட்டை போலக் கிடந்தான்.

ஊசியால் குத்திப் பார்த்தார்கள். முழங்காலில் நெருப்பை வைத்துப் பார்த்தார்கள். மூக்கில் நவச்சார நெடியைக் காட்டினார்கள். அவன் அசையவே இல்லை.

டாக்டருக்கே பயம் வந்துவிட்டது. தான் ஒருவர் மட்டும் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று ஜில்லா ஜட்ஜுக்கும் கலெக்டருக்கும் ஆள் அனுப்பினார். அவர்களும் வந்து சோதித்துப் பார்த்துவிட்டு மலைத்துப் போனார்கள். சில நாள் கழித்து அதே கைதியை அதே முறையில் தூங்கவைத்து, மறுபக்கத்து ஆபரேஷனையும் முடித்தார் டாக்டர். எழுந்தவனுக்கு ஆபரேஷன் நடந்ததே தெரியவில்லை.

அந்த டாக்டரின் பெயர் ஜேம்ஸ் எஸ்டெய்ல். அன்றைக்கு அவருக்கு வயது 37.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

எஸ்டெய்ல் 1808-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந்தேதி ஸ்காட்லாந்தில் மான்ட்ரோஸ் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் பாதிரியார். எடின்பரோவில் வைத்தியம் படித்து டாக்டர் பட்டம் பெற்று, கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சேர்ந்து, 1831-ல் கல்கத்தாவில் வந்து இறங்கினார். அவருக்கு உடம்பு அவ்வளவு திடமில்லை. நடுவில் நீண்ட லீவு எடுத்துக்கொண்டு செங்கடல், எகிப்து வழியாக ஐரோப்பா போய்வந்து, அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு புத்தகமும் போட்டார். திரும்பி வந்த பிறகு ஹூக்ளி ஆஸ்பத்திரியின் பொறுப்பு அவரிடம் வந்தது.

அந்த ஊரில் ஹாஜி முகமது மோசின் என்ற தர்மவான் இருந்தார். 1812-ல் இறந்துபோன அவர் விட்டுச் சென்ற அறக்கட்டளைப் பணத்தில்தான் ஹூக்ளி காலேஜ் ஏற்பட்டது. அங்குள்ள பெரிய இமாம்பாராவும் அந்தப் பணத்தில் எழுந்ததே. ஆஸ்பத்திரிக்கும் இமாம்பாரா ஆஸ்பத்திரி என்றே பெயர். வருகிறவர்கள் எல்லாம் ஏழைகள்: படகுக்காரர்கள், கூலிகள், சிறு கடைக்காரர்கள், கைதிகள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எஸ்டெய்ல் அன்றைக்குச் செய்த வித்தையை அதற்கு முன் அவர் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. படித்திருந்தார், அவ்வளவுதான்.

மெஸ்மர் என்ற ஜெர்மானியர்

கண்ணால் பார்த்து மயக்குகிறவனை மெஸ்மரிசம் செய்கிறான் என்று சொல்கிறோமே, அந்த வார்த்தை ஒரு மனிதரின் பெயர். பிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர், 1734-ல் பிறந்த ஜெர்மானியர். வியன்னாவில் வைத்தியம் பார்த்தவர். உலகம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்த சக்தி திரவம் போல நிறைந்திருக்கிறது, உடம்பில் அதன் ஓட்டம் தடைப்பட்டால்தான் நோய், கையை அசைத்து அதைச் சரிப்படுத்தலாம் என்பது அவர் கொள்கை. 1778-ல் பாரீசுக்குப் போனார். பணக்காரச் சீமாட்டிகள் அவர் வீட்டு வாசலில் வரிசை பிடித்தார்கள்.

1784-ல் பிரெஞ்சு அரசர் 16-ம் லூயி ஒரு விசாரணைக் குழு போட்டார். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்ளின், ரசாயன மேதை லவாசியர், தலைவெட்டும் இயந்திரத்தின் மூலம் பெயர் நிலைத்துவிட்ட டாக்டர் கில்லட்டின் எல்லோரும் அதில் இருந்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டுச் சோதித்தார்கள். காந்தம் செலுத்தாத மரத்தைக் கட்டிப்பிடித்த பையன் மயங்கி விழுந்தான். திரவமும் இல்லை, காந்தமும் இல்லை, எல்லாம் கற்பனை என்று குழு அறிக்கை கொடுத்துவிட்டது.

அறிக்கை சரிதான். ஆனால் கற்பனைக்கு அவ்வளவு சக்தி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அந்தப் பெரியவர்கள் தொடரவில்லை. அதைத் தொட்டவர் நம் நாட்டில் பிறந்த ஒருவர். கோவாவில் 1756-ல் பிறந்த பாதிரியார் பாரியா. பாரீசில் 1813 முதல் அவர் செய்துகாட்டிய சோதனைகளில், தூங்குகிறவனின் மனத்தில்தான் எல்லாம் இருக்கிறது, தூங்கவைப்பவன் கையில் ஒன்றுமில்லை என்று விளக்கினார். பணஜியில் பழைய செக்ரடேரியட் பக்கம் போனவர்கள் அவர் சிலையைப் பார்த்திருப்பார்கள். ஒரு பெண்ணின் மேல் இரு கைகளையும் நீட்டியபடி நிற்பார்.

இங்கிலாந்தில் இதை எடுத்துக்கொண்டவர் டாக்டர் எலியட்சன். லண்டனில் பெரிய பேராசிரியர். மெஸ்மரிசத்தை விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்ததால் 1838-ல் பதவியை விட வேண்டி வந்தது. 1842-ல் நாட்டிங்காம்ஷயரில் ஒரு தொழிலாளிக்கு மெஸ்மரிசத் தூக்கத்தில் காலையே எடுத்தார்கள். லண்டன் டாக்டர்கள், அவன் வலியை அடக்கிக்கொண்டு நடித்தான் என்று ஒதுக்கித் தள்ளினார்கள். ஆகவே எஸ்டெய்லை முதலாமவர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் எண்ணிக்கையில் அவருக்குப் பக்கத்தில்கூட ஒருவரும் வரவில்லை.

அந்தக் காலத்து ஆபரேஷன்

1846-க்கு முந்தைய ஆபரேஷன் எப்படி இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். மயக்க மருந்து என்று ஒன்று கிடையாது. சாராயம் கொடுப்பார்கள், அபின் கொடுப்பார்கள். நாலு பேர் கையைக் காலைப் பிடித்துக்கொள்வார்கள். டாக்டரின் கெட்டிக்காரத்தனம் எல்லாம் வேகத்தில் இருந்தது. லண்டனில் ராபர்ட் லிஸ்டன் என்ற டாக்டர் காலை எடுக்கும் வேகத்துக்காகவே உலகப் புகழ் பெற்றார். நோயாளிகளில் பலர் வலி அதிர்ச்சியிலும், பிறகு சீழ் பிடித்தும் செத்துப்போவார்கள்.

வங்காளத்தில் இன்னொரு கொடுமை. யானைக்கால் நோய். கும்பகோணம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே காலில் வந்தால், வங்காளத்தில் பலருக்கு விரைப்பையில் வந்து, குடம் போலவும் மூட்டை போலவும் தொங்கும். கொசுவால் பரவுகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது; பாட்ரிக் மேன்சன் என்ற டாக்டர் அதைக் கண்டுபிடித்தது 1877-ல்தான். இந்தக் கட்டியை அறுக்கப் போனால் கிட்டத்தட்ட பாதிப் பேர் பிழைப்பதில்லை. ஆகவே நோயாளிகள் வெளியே தலை காட்டாமல், வேலைக்குப் போக முடியாமல், வீட்டின் மூலையில் வருஷக்கணக்காக முடங்கிக் கிடந்தார்கள்.

ஹூக்ளியில் கத்தி வலிப்பதில்லை என்ற சேதி படகுத் துறைகளில் பரவியதும் அவர்கள் எல்லோரும் புறப்பட்டு வந்தார்கள்.

மேஜையான கட்டி!

வந்தவர்களில் ஒருவர் 40 வயதுக் கடைக்காரர். அவருக்கு இருந்த கட்டி, அவரால் நகரவே முடியாத அளவு பெரிது. என்ன செய்வார் பாவம், கடையை நடத்த வேண்டுமே! அந்தக் கட்டியின் மேலேயே கணக்குப் புத்தகத்தை வைத்து எழுதிவந்தார். பல வருஷம் மேஜையாகப் பயன்படுத்தியதில் அதன் வடிவமே அதற்கேற்றபடி அமுங்கிப்போயிருந்தது. எஸ்டெய்ல் அவரைத் தூங்கவைத்து அதை அறுத்து எடுத்தார். எடை போட்டபோது 80 ராத்தல். அதாவது சுமார் 36 கிலோ. ஒரு பெரிய பையனின் எடை!

எட்டு மாதத்தில் 73 ஆபரேஷன்களை வலியில்லாமல் செய்ததாக எஸ்டெய்ல் பட்டியல் வெளியிட்டார். கை எடுத்தது ஒன்று, மேல்தாடைக் கட்டி ஒன்று, கண்புரை மூன்று, பல் பிடுங்கியது மூன்று, கால் பெருவிரல் நகத்தை வேரோடு எடுத்தது ஐந்து. எட்டு ராத்தலிலிருந்து 80 ராத்தல் வரை எடையுள்ள விரைக் கட்டிகள் பதினான்கு. இந்தக் கட்டி ஆபரேஷன்களில் பிற்பாடு நூற்றுக்கும் மேல் செய்து, நூற்றுக்கு ஐந்து பேரே இறந்ததாக அவர் கணக்குக் காட்டினார். பாதிப் பேர் செத்த இடத்தில் ஐந்து பேர்! அது அவரே எழுதிய கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கை அசைத்தவர்கள் யார்?

இத்தனை பேரையும் எஸ்டெய்லே தூங்கவைத்தார் என்று நினைத்தால் தவறு. முதலில் அவர்தான் செய்தார். மணிக்கணக்கில் குனிந்து கையை அசைத்ததில் அவர் உடம்பு தாங்கவில்லை. உடனே தன் ஆஸ்பத்திரியில் இருந்த இந்து, முஸ்லிம் இளைஞர்களை, கம்பவுண்டர்களையும் கட்டுப்போடுகிறவர்களையும் கூப்பிட்டுப் பழக்கிவிட்டார்.

இருட்டாக்கிய அறை. நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். தலைமாட்டில் ஓர் உதவியாளர் உட்கார்ந்து, முகத்தோடு முகம் வைத்தாற்போலக் குனிந்து, நகம் போல வளைத்த விரல்களை உடம்புக்கு ஓர் அங்குலம் மேலே தலையிலிருந்து வயிறு வரை மெதுவாக இழுப்பார். இடையிடையே கண்ணிலும் மூக்கிலும் மெல்ல ஊதுவார். ஒரு மணி, இரண்டு மணி, சில பேருக்கு இன்னும் அதிகம். இன்றைக்கு வராவிட்டால் நாளைக்கு. பத்து நாளுக்கு மேலும் விடாமல் செய்வதுண்டு. தூக்கம் பிடித்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் டாக்டர் கத்தியுடன் உள்ளே நுழைவார். பெயர் டாக்டருக்கு; முதுகு ஒடிய உழைத்தது இந்தப் பையன்கள். எந்த ஆபீசிலும் நடப்பதுதானே!

ஊதுவதும் தடவுவதும் நம்மவர்களுக்குப் புதிதல்ல. நம் ஊரில் மந்திரிப்பது, பார்வை பார்ப்பது என்பது போல வங்காளத்தில் ஜாட்-பூங்க் என்று உண்டு. ஹூக்ளியில் அப்படிப்பட்ட ஒரு மந்திரக்காரரை எஸ்டெய்ல் சந்தித்து, அவர் செய்ததும் தன் முறையும் ஒன்றே என்று முடிவுகட்டினார்.

அந்த ஆண்டே கோர்ட்டிலும் அவருக்கு ஒரு வேலை வந்தது. ஒரு நாவிதர் சிறுவன் ஒருவனை மந்திரம் போட்டுப் பின்னால் வரவைத்துக் கடத்தினார் என்று வழக்கு. அப்படி நடக்க முடியுமா என்று கேட்கப்பட்டபோது, எஸ்டெய்ல் கோர்ட்டிலேயே சிலரை மயக்கி நடத்திக்காட்டினார். நாவிதருக்குத் தண்டனை கிடைத்தது. கோர்ட்டில் ஒரு வித்தை நடந்ததால், அதே வித்தையை நாவிதரும் செய்தார் என்று எப்படி ஆகும்? டாக்டருடைய உற்சாகம் எல்லை மீறிய இடங்களில் இதுவும் ஒன்று.

கல்கத்தா சிரித்தது

கல்கத்தா டாக்டர்களும் வைத்தியப் பத்திரிகைகளும் எஸ்டெய்லைக் கேலி செய்தார்கள். துரையைச் சந்தோஷப்படுத்த நேட்டிவ்கள் வலியில்லை என்று நடிக்கிறார்கள் என்றது ஒரு கட்சி. இவர்களுக்கு இயற்கையாகவே வலி தெரியாது என்றது இன்னொரு கட்சி. வலியே தெரியாதவன் எதற்கு நடிக்க வேண்டும் என்று இரண்டு கட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி யாரும் கேட்கவில்லை. 36 கிலோ சதையை அறுக்கும்போது ஒரு துரையின் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக் கிடக்க யாரால் முடியும்?

1846-ல் வங்காள டெபுடி கவர்னர் சர் ஹெர்பர்ட் மாடக் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். அதில் டாக்டர் ஓஷானஸியும் இருந்தார். ரயில்வே, தபால்-தந்தி இலாகாக்காரர்கள் அறிய வேண்டிய பெயர் இது. இந்தியாவில் தந்திக் கம்பியை முதலில் இழுத்தவர் இவரே. குழுவினர் முன்னால் பத்து நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். மூன்று பேருக்கு எத்தனை நாள் முயன்றும் தூக்கம் வரவில்லை. ஆபரேஷன் ஆனவர்களில் சிலர் பிணம் போலக் கிடந்தார்கள். சிலர் முகத்தைச் சுளித்தார்கள், கைகால் அசைந்தது. ஆனால் விழித்த பிறகு ஒன்றுமே தெரியாது என்றார்கள். குழு இதை அப்படியே எழுதியது. முழுக்க ஏற்கவும் இல்லை, பொய் என்று தள்ளவும் இல்லை. அந்த அறிக்கையின் பேரில் 1846 நவம்பரில் கல்கத்தாவில் எஸ்டெய்லுக்கென்று ஒரு சிறிய மெஸ்மரிச ஆஸ்பத்திரியைச் சர்க்கார் ஒரு வருஷத்துக்குக் கொடுத்தது.

கப்பலில் வந்த எதிரி

காலம் அவரை ஏமாற்றிவிட்டது. 1846 அக்டோபர் 16-ந்தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதரை முகரவைத்து வலியில்லாத ஆபரேஷனுக்கு வழி காட்டினார். டிசம்பர் 21-ந்தேதி, வேகத்துக்குப் பேர்போன அதே லிஸ்டன், லண்டனில் ஈதர் கொடுத்துக் காலை எடுத்தார். மெஸ்மரிசத்தின் கதை முடிந்தது என்றே லண்டனில் குதூகலித்தார்கள். 1847 நவம்பரில் எடின்பரோவில், எஸ்டெய்ல் படித்த அதே ஊரில், சிம்சன் குளோரோபாரத்தைக் கொண்டுவந்தார்.

பத்து நாள் பாடுபட்டுத் தூங்கவைப்பது எங்கே, பத்து நிமிடத்தில் மருந்து வேலை செய்வது எங்கே! அதோடு மருந்து ஆள் பார்க்காது, எல்லோரையும் தூங்கவைக்கும். ஒரு குறை உண்டு: சிலரை எழுப்பாமலே விட்டுவிடும். 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால் நகம் எடுக்கக் குளோரோபாரம் கொடுத்தபோது இறந்துபோனாள். எஸ்டெய்ல் ஹூக்ளியில் ஐந்து பேருக்குச் செய்த அதே சின்ன ஆபரேஷன்.

1848-ல் கல்கத்தாவின் மெஸ்மரிச ஆஸ்பத்திரி மூடப்பட்டது. அதை மூடக்கூடாது என்று நகரத்து இந்தியப் பிரமுகர்கள் நூற்றுக்கணக்கில் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். சொந்தப் பணம் போட்டுச் சிறிது காலம் நடத்தியும் பார்த்தார்கள். துரைமார் பத்திரிகைகள் சிரித்த விஷயத்துக்கு வங்காளிகள் பணம் கொடுத்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

குறையும் உண்டு

எஸ்டெய்லை மகானாக்கிவிடவும் முடியாது. என்ன செய்யப்போகிறோம் என்பதை அவர் நோயாளிகளிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொன்னால் பயத்தில் தூக்கம் வராது என்பது அவர் நியாயம். கைதி என்ன செய்வான்? வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஏது வாய்?

வங்காளிகள் சத்தில்லாத, சொன்னபடி கேட்கிற ஜனங்கள், அதனால்தான் சுலபமாக மயங்குகிறார்கள் என்றும் எழுதிவைத்தார். பட்டினி கிடந்தவன் உடம்பைப் பற்றி அவனை ஆண்டவர்கள் சொல்லும் விளக்கம் அது.

மெஸ்மரின் திரவத்தையும் அவர் கடைசி வரை விடவில்லை. கண் தெரியாத ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது 20 கஜ தூரத்திலிருந்து மௌனமாகப் பார்த்தே அவனை மயக்கினாராம். கண்ணில்லாதவனுக்குக் கற்பனை எப்படி வரும், ஆகவே திரவம் உண்மை என்று வாதித்தார். ஏற்கனவே பலமுறை அதே டாக்டரிடம் மயங்கிப் பழகியவன் அவன் என்பதையும், கண் போனாலும் காது இருக்கிறது என்பதையும் மறந்துவிட்டார். இத்தனைக்கும் அவரைப் போலவே ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிரெய்டு, 1843-லேயே திரவம் தேவையில்லை, இது மனமும் நரம்பும் சம்பந்தப்பட்ட ஒரு நிலை என்று புத்தகம் எழுதி, ஹிப்னாடிசம் என்ற பெயரையும் கொடுத்துவிட்டார். அந்தப் பாதையே நிலைத்தது. 1955-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷன், ஆபரேஷனிலும் பிரசவத்திலும் வலியைக் குறைக்க ஹிப்னாடிசம் உதவும் என்று ஒப்புக்கொண்டது. காந்தத் திரவத்தை இன்றுவரை யாரும் கண்டதில்லை. எல்லோருக்கும் அந்த ஆழ்ந்த தூக்கம் வருவதில்லை என்பதும் தெரிந்த விஷயம்.

கடைசி நாட்கள்

1851-ல் எஸ்டெய்ல் இந்தியாவை விட்டுப் போனார். ஸ்காட்லாந்தில் தன் வித்தையைச் செய்துபார்த்தார். ஹூக்ளியில் வந்தது போல அங்கே வரவில்லை. வலியில்லாத ஆபரேஷனைக் கண்டுபிடித்தவருக்கு அமெரிக்க காங்கிரஸ் பெரிய பரிசு கொடுக்க யோசித்தபோது, ஈதருக்கு முன்பே நான் செய்து காட்டியிருக்கிறேன் என்று கண்டனம் எழுதினார். அது எங்கும் எடுபடவில்லை. 1859-ம் ஆண்டு ஜனவரி 10-ந்தேதி, லண்டனை அடுத்த சிடன்ஹாமில் இறந்தார். 51 வயதுகூட நிறையவில்லை.

அவர் புறப்பட்டுப் போன மூன்றாம் ஆண்டு, 1854 ஆகஸ்டு 15-ந்தேதி, கிழக்கு இந்தியாவின் முதல் பயணி ரயில் ஹௌராவிலிருந்து கிளம்பியது. 24 மைல் ஓடி அது போய் நின்ற ஊர் ஹூக்ளி. கட்டியைச் சுமந்துகொண்டு படகில் வந்த ஜனங்கள் பிறகு ரயிலில் வந்தார்கள், குளோரோபாரம் தேடி, கல்கத்தாவுக்கு. ஹூக்ளியை ஒட்டிய சின்சுராவில் இருக்கும் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு இன்றும் இமாம்பாரா ஆஸ்பத்திரி என்றே பெயர்.